தூணில் கட்டிய தராசு

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைப் பிரிவில் எல்லோரும் அவளை நங்கூரம் என்றுதான் கூப்பிட்டார்கள். கயிறு இழுக்கும் அணியில் எட்டுப் பேருக்கும் கடைசியில் நிற்பவள் அவள். கயிற்றை அக்குளுக்கு அடியில் வாங்கி, முதுகுக்குக் குறுக்கே இழுத்து, எதிர்த் தோளில் போட்டுக்கொண்டு குதிகால்களை மண்ணில் புதைத்தாள் என்றால், முன்னால் இருக்கும் ஏழு பேருக்கும் முதுகில் ஒரு சுவர் எழுந்தது போல இருக்கும்.

வயது முப்பத்தெட்டு. எடை எண்பத்துநான்கு கிலோ. ஈரம் சொட்டும் போர்வைக் குவியலை இயந்திரத்தின் வாயிலிருந்து உருவ மற்றவர்கள் இரண்டு பேராகச் சேருவார்கள். அவள் தனியாக உருவித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு அடுத்த இயந்திரத்துக்குப் போய்விடுவாள். அவள் கணவர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர், காற்றடித்தால் சாய்ந்துவிடுவார் போல ஒல்லி. "நாங்க ரெண்டு பேருமே பாரம் தூக்குற குடும்பம்தான். நான் ஒத்த விரல்ல தூக்குவேன், அவ மீதி உடம்பால தூக்குவா" என்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

சலவைப் பிரிவில் சேரும் யாருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கப்படுவது ரத்தத்தைப் பற்றித்தான். ரத்தம் பட்ட துணியை வெந்நீரில் போடக் கூடாது, போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் மற்றதெல்லாம். பிரசவ அறையின் விரிப்பு, அறுவை அறையின் துணி, விபத்தில் வந்தவர்களின் சட்டை என்று நாளெல்லாம் ஊரார் ரத்தத்தை அலசிப் போடுகிற அந்தப் பெண்கள், தங்களுடைய மாதவிடாய் வந்துவிட்டால் மட்டும் பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடத் தெரியாமல் பையை இடுக்கிக்கொண்டு கழிவறைக்குப் போனார்கள். இதில் ஏதோ இடிக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை. நங்கூரத்துக்கும் தோன்றவில்லை, அந்தத் தோல்விக்குப் பிறகும்கூட உடனே தோன்றவில்லை.

தோல்வி இப்படித்தான் நடந்தது. நிறுவனங்களுக்கு இடையே வருடா வருடம் நடக்கும் போட்டியில், முதல் தடவையாக அவர்கள் இறுதிச் சுற்றுக்குப் போயிருந்தார்கள். அன்று விடியற்காலையில் அவளுக்கு மாதவிடாய் வந்துவிட்டது. அணிக்குக் கொடுத்த கால்சட்டை வெள்ளை. மைதானத்தில் இருந்த ஒரே கழிவறையோ அந்தக் கோடியில். அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து அவள் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. குமட்டியதால் சாப்பிடவும் இல்லை. ஆளுக்கு ஓர் இழுப்பு ஜெயித்த நிலையில், மூன்றாவது இழுப்பின் நடுவில் அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. முழங்கால் மடங்கியது. கயிறு தோளை உரசிக்கொண்டு ஓடிவிட்டது.

அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் கொதிகலன் பார்க்கும் பாய்லர்காரர். வாட்டசாட்டமான மனிதர், இளவயதில் நன்றாகக் கயிறு இழுத்தவர். அவர் கத்தவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "உடம்பு இருந்துச்சு. மனசு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

கத்தியிருந்தால் அவள் மறந்திருப்பாள். அந்த ஒரு வரி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மனசு இல்லையோ என்று அவளே நம்பத் தொடங்கினாள். வீட்டில் கணவரிடம் வயிறு சரியில்லை என்று சொன்னதோடு சரி.

அடுத்த மாதம் மாதவிடாயின் முதல் நாள் வந்தபோது, வேலை முடிந்து எல்லோரும் கை கழுவப் போன நேரத்தில், அவள் ஒரு காரியம் செய்தாள். துணி மூட்டைகளை நிறுக்க உத்தரத்தில் ஒரு பெரிய ஸ்பிரிங் தராசு தொங்கும். அதைக் கழற்றி, மூலைத் தூணில் இருந்த இரும்பு வளையத்தில் மாட்டினாள். கொக்கியில் பழைய கயிற்றுத் துண்டைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, தரையில் ரப்பர் விரிப்பைப் போட்டு இழுத்தாள். முள் தொண்ணூற்றொன்றில் போய் நின்று நடுங்கியது.

அது கூடுதலா குறைச்சலா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டுமானால் மற்ற நாட்களிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். துணிக்குக் குறி போடும் அழியாத மையை எடுத்து, தூணை ஒட்டிய சுவரில் தேதியையும் 91 என்பதையும் எழுதிப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிக்கு என்ன அர்த்தம் என்பது அவளோடு இருக்கட்டும் என்று நினைத்தாள்.

நாலு நாள்கூட அது அவளோடு இருக்கவில்லை. கிழிந்த விரிப்புகளைத் தைக்கும் ஊசி (அதுதான் அவளுக்குப் பட்டப்பெயர், ஆளும் அப்படித்தான்) வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, தூணைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு போகப் போறீங்களா?"

"போடி. எவ்வளவு இழுக்குறேன்னு பாக்குறேன்."

"அது சரி, இந்தப் புள்ளி?"

நங்கூரம் கயிற்றைத் தோளிலிருந்து இறக்கினாள். பிறகு சொல்லிவிட்டாள். போன மாதம் இறுதிச் சுற்றில் நடந்தது, தண்ணீர் குடிக்காதது, எல்லாம். ஊசி சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் விரிப்பில் ஏறி நின்று, "எனக்கு ஒரு வரிசை போடுங்க" என்றாள்.

மூன்று வாரத்தில் எட்டுப் பேருக்கும் சுவரில் எட்டு வரிசைகள் வந்துவிட்டன. பாய்லர்காரருக்கு ஒரே சந்தோஷம், சொல்லாமலே பயிற்சி செய்கிறார்களே என்று. ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தவர், "இதென்ன நடுவுல நடுவுல புள்ளி?" என்று கேட்டார்.

"ஈ உக்காந்திருக்கும் அண்ணே" என்றாள் ஊசி. ஒழுங்காக மாதத்துக்கு ஒரு தடவை வந்து உட்காரும் ஈயைப் பற்றி அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மாதங்கள் போகப் போக நங்கூரத்துக்கு அந்தச் சுவரின் முன்னால் நிற்பதே ஒரு வழக்கமாகிவிட்டது. அவளுடைய எண்கள் ஏறி இறங்கின, ஆனால் கண்டபடி இல்லை. புள்ளிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே லேசாகச் சரியும். அந்த நாட்களில் நீராவியின் சூடு அவளுக்குத் தாங்காது, தூக்கமும் கெட்டுப் போயிருக்கும். முதல் புள்ளியன்று அடிமட்டத்துக்கு வரும். மூன்றாவது நாள் யாரோ தாழ்ப்பாளைத் திறந்துவிட்டது போல ஏறும், நூற்று நான்கு, நூற்று ஆறு என்று. ரத்தப்போக்கு இன்னும் நிற்காத நாளிலேயே அவள் மாதத்தின் உச்சத்தில் இருந்தாள். இதை யாராவது வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். முள் சொல்லியது, அதுவும் ஐந்து மாதம் தொடர்ந்து சொல்லியது.

பன்னிரண்டு வயதிலிருந்து இது தனக்குள் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பிள்ளைப்பேறுகளைக் கழித்தாலும் முந்நூறு தடவைக்கு மேல் வந்தது. முந்நூறு தடவை கடல் ஏறி இறங்குவது போல உள்ளே ஏதோ ஏறி இறங்கியிருக்கிறது, அவள் பாட்டுக்குக் கரையில் நின்று போர்வை உருவிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று மாலை லிஃப்டில் கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் மூன்றாம் மாடிப் பொத்தானை அழுத்தினார். அப்புறம், "என் உடம்புல அந்த மாதிரி ஒண்ணுமே நடக்கலியே" என்றார், ஏதோ கொடுத்து வைக்காதவர் போல.

ஆனால் எல்லோருக்கும் இப்படி இருக்கவில்லை. ஊசிக்குப் புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுபத்தொன்று, எழுபத்திரண்டு. எண் இறங்குவது காலையில் சாப்பிடாமல் ஓடிவந்த நாட்களில்தான். "நான் என்னக்கா, இந்த மிஷின் மாதிரிதான் இருக்கேன்" என்று குறைப்பட்டுக்கொண்டாள். மடிப்பு மேசையில் வேலை செய்யும் அக்கா தங்கை இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அக்கா முதல் நாளில் சுருண்டுவிடுவாள், தங்கை அன்றைக்குத்தான் வெளுத்து வாங்குவாள்.

நெட்டையின் வரிசையில் மட்டும் புள்ளியே இல்லை.

நெட்டை இஸ்திரி உருளையில் விரிப்பு விடுகிறவள், இருபத்தேழு வயது, அணியில் மூன்றாவதாக நிற்பவள். மற்றவர்களுக்கு அவள் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது. "கொடுத்து வச்சவ, தொந்தரவே இல்ல" என்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அவளுடைய எண்களை நங்கூரம் கவனித்துக்கொண்டிருந்தாள். எண்பத்துநான்கு, எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது, எழுபத்தேழு. ஏறவே இல்லை. ஒருநாள் மதியம் உருளையிலிருந்து மடிப்பு மேசைக்கு நாலு எட்டு நடப்பதற்குள் நெட்டை பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நங்கூரம் அவளைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து லிஃப்டுக்குத் தள்ளிப் போனாள். நான்காம் மாடியில் எலும்பு டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். பாதத்து எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

"கடைசியா பீரியட்ஸ் எப்ப வந்துச்சு?"

கால் வலிக்கு வந்தவளிடம் இதை ஏன் கேட்கிறார் என்று நெட்டைக்குப் புரியவில்லை. "ஏழு மாசம் இருக்கும். அது பாட்டுக்கு நின்னுடுச்சு. நிம்மதியாத்தான் இருக்கு."

கர்ப்பம் இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகு, டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்க, சொல்லுங்க."

நெட்டை சொன்னாள். காலையில் டீ. மதியம் பாதி வயிறு. இரவில் ஒரு பழம். கூடவே எட்டு மணி நேரம் உருளைச் சூட்டில் வேலை, அதற்கு மேல் பயிற்சி.

"ஏண்டி இப்படி?" என்றாள் நங்கூரம்.

நெட்டை சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எட்டுப் பேரும் சேர்ந்து ஐந்நூத்து நாப்பது கிலோவைத் தாண்டக் கூடாதுன்னு விதி இருக்குல்ல. நீங்க எண்பத்துநாலு. நீங்க குறைஞ்சா நங்கூரம் இல்ல. நான் குறைஞ்சா ஒண்ணும் தெரியாது. எட்டு கிலோ குறைச்சேன்."

தன் உடம்புக்கு இடம் விட்டு இன்னொருத்தி தன் உடம்பைச் சுருக்கிக்கொண்டிருந்திருக்கிறாள், தான் தினமும் பக்கத்திலேயே நின்று எண்ணை எழுதியிருக்கிறோம் என்பது நங்கூரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "எங்ககிட்ட ஒரு சுவர் இருக்கு டாக்டர். வந்து பாக்கணும்" என்றாள்.

டாக்டரம்மா மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். ஐந்து மாதம், எட்டு வரிசை, ஆயிரத்தை நெருங்கும் எண்கள். அவர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடந்தார், திரும்பவும் நடந்தார். "நான் படிச்ச படிப்புல இதை யாரும் எனக்குக் காட்டல" என்றார் கடைசியில்.

பிறகு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு பேசினார். "சாப்பாடு போதலன்னா உடம்பு முதல்ல எதை நிறுத்தும் தெரியுமா? பிள்ளை பெத்துக்கிற வேலையை. மூச்சும் இதயத் துடிப்பும் வேணும், நிறுத்த முடியாது. அதனால அதை மூடிடும். மூடினா எலும்பைக் காக்குற சுரப்பும் குறைஞ்சிடும். நெட்டைக்கு நின்னது நிம்மதி இல்லம்மா, உடம்பு போட்ட சத்தம்." நங்கூரத்தின் வரிசையைக் காட்டி, "உங்களுக்கு ரத்தம் ரொம்பப் போகுதோ?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் ரத்தம் சோதிக்கச் சொன்னார். இரும்புச்சத்து தரைமட்டத்தில் இருந்தது.

"அப்போ பீரியட்ஸ் வந்தா பலம் குறையுமா, குறையாதா?" என்று ஊசி கேட்டாள். அவளுக்கு ஒரே பதிலாக வேண்டியிருந்தது.

"உங்க சுவரே சொல்லுதே. ஒருத்திக்குக் குறையுது, ஒருத்திக்கு இல்ல, ஒருத்திக்குக் கூடுது. எல்லாப் பொண்ணுங்களுக்கும் சேர்த்து ஒரே விதி எழுத முடியாது. அவங்கவங்க உடம்பை அவங்கவங்க கேக்கணும்."

இதெல்லாம் நடக்கும்போது பாய்லர்காரர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. அவர் உள்ளே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"போன பைனல் அன்னிக்கு உனக்கு?" என்றார் நங்கூரத்திடம்.

"முதல் நாள் அண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மாலையில் கொதிகலன் அறைப் படியில் உட்கார்ந்திருந்தவர், அவள் கடந்து போகும்போது கூப்பிட்டார். "இருபத்தெட்டு வருஷமா பாய்லர் பாக்குறேன்மா. அழுத்தம் இறங்கினா மீட்டரைப் பாப்பேன், தண்ணி இருக்கா, எரிபொருள் இருக்கான்னு பாப்பேன். ஒரு நாளும் பாய்லருக்கு மனசு இல்லன்னு சொன்னதில்ல. உன்னைச் சொல்லிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடுங்க அண்ணே. நானே அதை நம்பிட்டேன்" என்றாள்.

மனம் மாறியதும் மனிதருக்கு வேகம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஒரே வாரத்தில் பெரிய தாளில் ஓர் அட்டவணை போட்டு வந்தார், யாருக்கு எப்போது புள்ளி வருமோ அன்று அவளுக்கு ஓய்வு என்று. முதல் நாளில் வெளுத்து வாங்கும் தங்கை அதைப் படித்துவிட்டு, "என்னை எதுக்கு அண்ணே வீட்டுக்கு அனுப்புறீங்க?" என்று சண்டைக்கு வந்தாள். நங்கூரம் தாளை வாங்கி மடித்தாள். "நீங்க முடிவு பண்ண வேண்டாம். கேளுங்க, போதும். நாங்க சொல்றோம்" என்றாள். அன்றிலிருந்து பயிற்சி தொடங்கும்போது அவர் வரிசையாக எல்லோரையும் கேட்பார். முதல் வாரம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், அவர்களும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அப்புறம் பழகிவிட்டது. வெள்ளைக் கால்சட்டைக்குப் பதிலாகக் கருநீலத்தில் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

எடை விஷயத்தில் நங்கூரம் பிடிவாதமாக இருந்தாள். இனி யாரும் பட்டினி கிடக்கக் கூடாது, இல்லையென்றால் தான் விலகிக்கொள்வதாகச் சொன்னாள். அதனால் அணி அறுநூறு கிலோப் பிரிவுக்கு மாறியது. அங்கே எல்லோரும் மலை மாதிரி இருப்பார்கள் என்று தெரிந்தேதான் மாறினார்கள். கால் ஆறும்வரை நெட்டையின் இடத்துக்கு வார்டில் வேலை செய்யும் ஒருத்தி வந்தாள். நெட்டைக்குத் தினமும் ஒரு பெரிய டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்து, அவள் முழுவதும் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பது நங்கூரத்தின் வேலையாயிற்று.

நான்கு மாதம் கழித்து ஒரு காலை. பிரசவ அறை விரிப்புகளைப் பச்சைத் தண்ணீரில் நங்கூரம் அலசிக்கொண்டிருந்தாள். நெட்டை வந்து பின்னால் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நங்கூரம் என்னவோ ஏதோ என்று பதறிப்போய், "கால் வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. வந்துடுச்சு."

சொல்லிவிட்டு நெட்டை அழுதுகொண்டே சிரித்தாள். அத்தனை வருடமாகத் தொல்லை என்று சபித்துக்கொண்டிருந்த ஒன்று திரும்பி வந்ததற்கு இப்படி ஓர் அழுகையும் சிரிப்பும் வரும் என்று நங்கூரம் நினைத்ததே இல்லை. ஈரக் கையோடு அப்படியே நின்றாள். பட்டினி போட்ட உடம்பு கோபித்துக்கொள்ளவில்லை. சோறு வரும்வரை கதவைச் சாத்தி வைத்திருந்தது, வந்ததும் திறந்துவிட்டது. யாரும் கற்றுக்கொடுக்காமல் அதற்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மையை எடுத்து நெட்டையின் கையில் கொடுத்தாள். நெட்டை சுவரில் தன் வரிசையில் முதல் புள்ளியை வைத்தாள், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெரிதாக.

அந்த வருடப் போட்டியிலும் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். எதிரணி துறைமுகத்துப் பனிக்கட்டி ஆலைப் பெண்கள், நாளெல்லாம் பாளம் பாளமாகப் பனிக்கட்டி தள்ளுகிறவர்கள். அன்று காலையில் நங்கூரத்துக்கு முதல் நாள்.

பாய்லர்காரர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசியாக அவளிடம் வந்தபோது அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "இன்னிக்கு எனக்கு முதல் நாள் அண்ணே. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுல இருந்து முதல் நாளுக்கு தொண்ணூத்தொன்பது வரைக்கும் வருது. டாக்டரம்மா சொன்ன வலி மாத்திரையைப் போட்டுட்டேன். நல்லா சாப்பிட்டிருக்கேன், தண்ணி குடிச்சிருக்கேன். கடைசில நானே நிக்குறேன்."

"சரிம்மா" என்றார் அவர். "வார்டுக்காரம்மா, ஊசி, ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே கொஞ்சம் கூடுதலா பலம் போடுங்க." கழிவறைப் பக்கம் அவளோடு நடந்து போய்க் காவலுக்கு நின்றது, கயிறு பிடிக்க இன்னும் அனுமதி கிடைக்காத நெட்டை.

முதல் இழுப்பில் தோற்றார்கள். இரண்டாவதில் ஜெயித்தார்கள். மூன்றாவது நான்கு நிமிடம் நீண்டது. கயிற்றின் நடுவில் கட்டிய துணி இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் என்று ஆடியது. அடிவயிற்றில் வலி வந்தது. அது எதிர்பார்த்த வலி, அளவு தெரிந்த வலி. இதற்கு மேல் போகாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் அதைக் கூடவே வைத்துக்கொண்டு, மண்ணுக்குள் இன்னும் ஓர் அங்குலம் குதிகாலை இறக்கினாள். முழங்கால் மடங்கவில்லை. கயிறு தோளில் இம்மியும் நழுவவில்லை. ஆனாலும் எட்டுப் பேரையும் சேர்த்து அப்படியே பெயர்த்துக்கொண்டு போனார்கள் பனிக்கட்டி ஆலைக்காரிகள், வேரோடு மரத்தை இழுப்பது போல. கோட்டைத் தாண்டியபோதுகூட அவள் கையில் கயிறு இருந்தது.

தோற்றுப்போய்ப் புல்லில் மல்லாந்து கிடந்தவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்போது ஒரு நிழல் விழுந்தது. எதிரணியின் கடைசி ஆள், நாற்பத்தைந்து வயதிருக்கும், அவளைவிட ஒரு சுற்றுப் பெரிய உருவம். பக்கத்தில் வந்து மெல்ல உட்கார்ந்தாள்.

"நீங்க உங்க அண்ணன்கிட்ட சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். "முதல் நாள்லயா இப்படி நின்னீங்க?"

"ஆமா."

அந்தப் பெண் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள். கயிறு உராய்ந்து உள்ளங்கை சிவந்திருந்தது. "எனக்கும் அதேதாங்க. நாலு நாளா. எங்க ஆளுங்க யாருக்கும் தெரியாது. இப்பல்லாம் ரெண்டு மாசம் வராது, வந்தா இப்படி விடாது. இன்னிக்கு மூணாவது இழுப்புல கண்ணு இருட்டிடுச்சு. கண்ணை மூடிக்கிட்டுத்தான் இழுத்தேன்."

நங்கூரம் எழுந்து உட்கார்ந்து அவளை முழுவதுமாக ஒரு தரம் பார்த்தாள். இந்தப் பெண்ணா இருட்டுக்குள் நின்றுகொண்டு எட்டுப் பேரை இழுத்துப் போட்டாள்? கயிற்றின் அந்த முனையில் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், தான் இந்த முனையில் இருந்திருக்கிறோம், நான்கு நிமிடம் இருவரும் ஒருவர் பலத்தை ஒருவர் தோளில் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறோம். நெட்டையிடம் கை நீட்டித் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து கொடுத்தாள்.

"முதல்ல குடிங்க" என்றாள். "நாளைக்கே எங்க ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டரம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."